நாற்பத்தேழு சித்தப்பா

என் பெயர் பத்துமலை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் மனைவி வீட்டாரிடம் போய்க் கேட்டால் அவர்கள் வேறு பெயர்தான் சொல்வார்கள்.

சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். என் அப்பா பிச்சைமுத்து அங்கே பால்மரம் வெட்டினார். விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றால், ஆள் கணக்கு எழுதும் கிராணி யார் பெயரையும் சொல்ல மாட்டார். நம்பரைத்தான் சொல்வார். அப்பா "இருக்கேன் ஐயா" என்று குரல் கொடுக்க வேண்டும். நாய்க்குக்கூடப் பெயர் வைத்துக் கூப்பிட்ட ஊரில் எனக்கு நம்பராடா என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, பத்துமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்து, அதன்பிறகு நான் பிறந்தேன். மலையின் பெயரையே எனக்கு வைத்தார். கூப்பிடுகிறவன் வாய் நிறையக் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அப்படி வைத்த பெயரை ஈப்போ பக்கம் லகாட்டில் ஒரு வீட்டு ஹாலில் ஒரு பெட்டி விழுங்கிவிட்டது. கரவோக்கே பெட்டி.

என் மனைவி துளசி. அவளுடைய அக்கா குமுதா, ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறார். அக்காவின் கணவர் யுகேந்திரன், எனக்குச் சகலை. சுற்றுலா பஸ் ஓட்டுகிறார். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். தீபாவளிக்கு மறுநாள் குடும்பம் முழுக்க அவர் வீட்டில்தான் கூடும். மதியச் சாப்பாடு முடிந்ததும் பெட்டியைப் போடுவார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகப் பாட வேண்டும். பாட்டு முடிந்தால் பெட்டி தானாகவே கைதட்டும், டிவியில் பெரிதாக மார்க் வரும். பெண்கள் பாடுவதில்லை. பாடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அந்த நேரம் பார்த்து அவர்களுக்குக் கழுவப் பாத்திரம் இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் குடும்பத்துக்குப் புது மாப்பிள்ளை வந்தால் முதல் பாட்டு அவருடையது. அந்த முதல் மார்க்கே அவருக்குப் பட்டப்பெயர். யுகேந்திரன் அண்ணன் முதன்முதலில் தொண்ணூற்றைந்து எடுத்தாராம். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் காதைத் தேய்த்துவிட்டார். போதாததற்கு, காசு கொடுத்துக் காருக்கும் அதே நம்பரை வாங்கிப் போட்டிருக்கிறார்.

என் முறை என் தலைத்தீபாவளிக்கு மறுநாள் வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு. புதுப் பெண்டாட்டி பக்கத்தில் இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் காதலனும் காதலியும் மாறி மாறிப் பாடும் ஜோடிப் பாட்டு ஒன்றை எடுத்தேன். துளசிக்குப் பாட வராது. குளியலறையில்கூட வாயைத் திறக்க மாட்டாள். குமுதா அக்காதான், "தாப்பா தம்பி, பரவால்ல, பொம்பள வரிய நான் பாடறேன்" என்று இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். என் வரி முதலில். பாடினேன். அக்காவின் வரி வருவதற்குள் யுகேந்திரன் அண்ணன் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த மைக்கை வாங்கி மேசையில் வைத்தார். "நேரங்கழிச்சி வந்த ஆளுங்க சாப்புட ஒக்காந்துட்டாங்க, போயி எலையப் போடு" என்றார். அக்கா போய்விட்டார். பெண் பாடும் இடம் வரும்போதெல்லாம் நான் மைக்கைப் பிடித்தபடி மரியாதையாகச் சும்மா நின்றேன். என் வரிகளை மட்டும் பாடினேன்.

பெட்டி கைதட்டியது. நாற்பத்தேழு.

அதன்பிறகு நான் அந்த வீட்டில் மைக்கைத் தொட்டதே இல்லை. ஆனால் யார் விட்டார்கள்? "நாப்பத்தேழு வந்தாச்சா?" "நாப்பத்தேழுக்கு ஒரு கோப்பி போடு." அப்போது ஐந்து வயதான அக்காவின் மகளும் அன்றிலிருந்து என்னை நாப்பத்தேழு சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாள். பெட்டி மூன்று தடவை மாறியது. பழையது பழுதாகிப் புதியது வந்தது. என் நம்பர் மட்டும் பழுதாகவே இல்லை. என் மாமனார் இராமசாமியிடம் ஒருமுறை மனம் பொறுக்காமல் சொன்னேன். அவரும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான். "நம்பர்தான மாப்ள? எஸ்டேட்டுல நானும் நம்பர்தான். கூப்புட்டா போதும்லா" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அங்கே நிற்க முடியவில்லை. துரை போய், கிராணி போய், தோட்டமே வீடமைப்புப் பகுதியாக மாறிப்போனது. நம்மை நம்பர் சொல்லிக் கூப்பிட இனி ஆள் இல்லையே என்று நாமே அந்த வேலையை எடுத்துக்கொண்டோமா?

இந்த வருஷம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். ஈப்போவில் பெரிய மண்டபம். நானும் துளசியும் தட்டோடு வரிசையில் நிற்கிறோம். மேடையில் அறிவிப்பாளர், கோட்டுப் போட்ட பையன், ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறான். எங்கள் முறை வந்தது. அவன் மைக்கில் சொன்னான்: "அடுத்து, பொண்ணுக்கு நலங்கு வைக்க, நாற்பத்தேழு சித்தப்பா அவர்களையும் துணைவியாரையும் மேடைக்கு அழைக்கிறோம்."

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார், என்னை முன்பின் பார்க்காதவர்கள், அவர்களும் சிரித்தார்கள். அந்தப் பையன் மீது தப்பில்லை. யுகேந்திரன் அண்ணன் சொல்லிக்கொடுத்ததை அவன் சொன்னான். அந்தச் சிரிப்புக்கு நடுவே நான் மேடையேறி, பெண் கையில் சந்தனம் தடவி, அட்சதை போட்டு, போட்டோவுக்கும் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அந்தப் போட்டோ ஆல்பத்தில் இருக்கிறது.

சாப்பிடாமல் வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, எனக்கு ஒரு பேரு இருக்கு."

"என்னா லா இது, தமாஷுக்குத்தான? கல்யாண வீட்டுல மொகத்த தூக்கி வச்சிக்கிட்டு..."

"பதினெட்டு வருசமா தமாஷா? நானூறு பேருக்கு முன்னாடி தமாஷா?"

சத்தம் கேட்டு மாமனாரும் இன்னும் சிலரும் வந்துவிட்டார்கள். ஆள் சேர்ந்ததும் அண்ணனுக்கு உற்சாகம் வந்தது.

"சரி, ரோஷம் இருக்குல்ல? தீவாளிக்கு வா. எல்லார் முன்னாலயும் பாடு. தொண்ணூறுக்கு மேல எடுத்துட்டா, அன்னிலேருந்து ஒன்ன யாரும் நம்பர் சொல்ல மாட்டாங்க. நானே பேரச் சொல்லிக் கூப்புடறேன். எடுக்கலன்னா, நாப்பத்தேழுன்னு கூப்புட்டா என்னான்னு நீ திரும்பிப் பாக்கணும். சாவற வரைக்கும். ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

"கீய கொறைக்கக் கூடாது. சுருதிய எறக்கிப் பாடறதெல்லாம் ஆம்பள வேல இல்ல."

அதற்கும் ஒத்துக்கொண்டேன். கோபத்தில் எதற்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டோம்?

சிம்பாங் பூலாயில் ஒரு கல்லுமலைக் கம்பெனியில் லோரிகளுக்கு எடை பார்ப்பது என் வேலை. காலி லோரி ஏறும், அப்புறம் கல்லோடு ஏறும், எடை போட்டு அனுப்புவேன். எங்கள் எடை எந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று அதிகாரிகள் வந்து சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போவார்கள். கல்லுக்கே இவ்வளவு பார்க்கிறோம். ஒரு மனுஷனின் குரலுக்கு மார்க் போடுகிற பெட்டியை எவனாவது வந்து சோதிக்கிறானா? யார் முத்திரை வைத்தது அதற்கு?

சனிக்கிழமைகளில் ஈப்போவில் ஒரு கரவோக்கே நிலையத்துக்குப் போனோம். பகலில் அங்கே கூட்டம் இருக்காது. துளசி சோபாவில் உட்கார்ந்து மிக்சர் தின்றாள். நான் தொண்டை கிழியப் பாடினேன். எனக்குக் கட்டைக் குரல். நம் ஆண்களில் பாதிப் பேருக்குக் கட்டைக் குரல்தான். ஆனால் சினிமாவில் பாடுகிறவன் எவனுக்கும் கட்டைக் குரல் கிடையாது. கதாநாயகன் காதலித்தால் மேலே போகிறான், அழுதால் மேலே போகிறான், பஸ்ஸைத் தவறவிட்டால்கூட மேலேதான் போகிறான். அவன் போகிற இடத்துக்கு ஏணி வைத்தாலும் எனக்கு எட்டாது. காதல் பாட்டு எடுத்தேன், ஐம்பத்தெட்டு. குடித்துவிட்டுப் பாடும் பாட்டு எடுத்து, இடையில் வரும் சிரிப்பையும் அப்படியே சிரித்தேன். சிரித்ததற்கும் மார்க்கைக் குறைத்துவிட்டது. சாமி பாட்டு எடுத்தேன். கண்ணில் நீர் வர உருகிப் பாடினேன், ஐம்பத்தொன்று. முருகனுக்கும் இந்தப் பெட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

"என்னா பெட்டி இது! மனசுருகிப் பாடினா மார்க்கு இல்ல!" என்று மைக்கைச் சோபாவில் எறிந்தேன்.

துளசி மிக்சர் பாக்கெட்டை மடித்து வைத்தாள். "இப்படிக் கத்திக்கிட்டே இருந்தா தீவாளிக்குள்ள தொண்ட போயிரும். பேசாம அக்காவக் கேளுங்க."

"அக்காவுக்கு என்னா தெரியும்?"

"அத்தானுக்கு வருசா வருசம் பாட்டு எடுத்துக் குடுக்கறதே அக்காதான். ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு என்று அந்த மனுஷன் வருஷா வருஷம் மார்பைத் தட்டிக்கொண்டது எல்லாம் அக்கா எடுத்துக்கொடுத்த பாட்டு! பொங்கி வந்தது எனக்கு. அக்காவிடம் போவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். அப்புறம் போனேன்.

அண்ணன் கேமரன் மலைக்குச் சுற்றுப்பயணிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்த ஒரு நாள் மதியம். அக்கா மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வந்து, தூங்கி எழுந்து, சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேசையில் கிடந்த நாளிதழை என் பக்கம் தள்ளினார்.

"இதப் படிங்க தம்பி. சத்தமா."

"எதுக்கு அக்கா?"

"படிங்க லா."

கைக்கு வந்தது மரண அறிவிப்புப் பக்கம். யாரோ ஒருவருடைய கருமக்கிரியை நேரத்தையும் முகவரியையும் உரக்கப் படித்தேன். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டபடி மெல்லிய குரலில் என்னோடு சேர்ந்து முனகினார். என் குரல் இருந்த அதே இடத்தில் அந்த முனகல் வந்து ஒட்டிக்கொண்டது.

"ஒங்க கொரலு இங்கதான் ஒக்காந்திருக்கு. நீங்க பேசற எடத்துலேருந்து கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ. அதுக்குள்ளயே சுத்தி முடியற பாட்டுதான் ஒங்களுக்கு. அதவிட்டுட்டு எட்டாத எடத்துக்கு ஏன் எக்கி எக்கிப் பாக்கறீங்க?"

"நான் உணர்ச்சியோட பாடறேனே அக்கா."

"அதான் தப்பு. பெட்டிக்கு ஒங்க அழுக தெரியாது. நெளிவு போட்டா, குரல ஆட்டுனா, மெட்டுலேருந்து விலகிட்டீங்கன்னு கொறச்சிரும். நேரா நில்லுங்க. இழுக்கச் சொன்ன எடத்துல ஆடாம இழுங்க. சொல்ல ஆரம்பிக்கற நேரம் சரியா இருக்கணும், முடிக்கற நேரமும் சரியா இருக்கணும். அவ்வளவுதான் அதுக்கு வேணும்."

"புதுப் பாட்டா எடுக்கவா, பழசா?"

"பழசு. மெதுவாப் போறது. புதுப் பாட்டுக்கெல்லாம் எவனோ அவசரத்துல மெட்ட ஏத்தி வச்சிருக்கான், பாதி தப்பு. அப்பறம், ஆ... ஓ...ன்னு நீளமா வர்ற பாட்டு வேணாம். நடுவுல வசனம் பேசற பாட்டு வேணாம். சோடிப் பாட்டு எடுக்கவே எடுக்காதீங்க. பொம்பள வரிக்கும் சேத்துத்தான் பெட்டி மார்க்கு போடும். நீங்க சும்மா நின்னா அவ்வளவும் போச்சி."

நான் நாளிதழைக் கீழே வைத்தேன்.

"அக்கா. அப்ப அந்த நாப்பத்தேழு..."

அக்கா மறுபடியும் வெங்காயத்தை எடுத்தார். "பாதிப் பாட்டுக்கு வந்த மார்க்கு தம்பி அது. ஒங்க பாதி நல்லாத்தான் இருந்துச்சி. எலை போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பாதிக்கு நாற்பத்தேழு என்றால் முழுசுக்கு எவ்வளவு? கணக்குப் போட எனக்கு எந்திரம் வேண்டியதில்லை. தொண்ணூற்றைந்துக்கு ஒன்றே ஒன்று குறைவு! அந்த ஆளின் காரில் ஓடுகிற நம்பருக்கு ஒன்று குறைவு! அவரே மைக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பதினெட்டு வருஷம் என்னை நம்பர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறார்.

"இத ஏன் அக்கா அப்பவே சொல்லல?"

"சொன்னா, நீ ஏன் பாடாம போனன்னு எல்லாரும் என்னக் கேப்பாங்க. தங்கச்சி புருசன்கூட காதல் பாட்டு பாட வெக்கமா இல்லியான்னு அன்னிக்கி இவரு கேட்டதெல்லாம் நான் சொல்லணும். அத எங்கப்பா முன்னாடி சொல்ல முடியுமா?" உரித்த தோலை ஒரு பக்கம் ஒதுக்கினார். "அந்த நாப்பத்தேழுல எனக்கும் பங்கு இருக்கு. அதான் ஒங்களுக்குச் சொல்லித் தர்றேன். நான்தான் சொன்னேன்னு இவருக்குத் தெரிய வேணாம்."

"தெரியாது அக்கா."

அவர் எடுத்துக்கொடுத்தது ஒரு பழைய தாலாட்டு. மனைவியை இழந்த அப்பா ஒருவர் தொட்டிலை ஆட்டியபடி பாடுவது. மேலே போகாது, கீழேயும் போகாது, தொட்டில் போகிற தூரத்துக்குள்ளேயே போய் வரும். எப்படி என்று காட்டுவதற்காக அக்காவே இரண்டு வரி பாடினார். எனக்காகத் தாழ்த்திப் பாடியும் அந்தக் குரல் அப்படி ஒரு சுத்தம். இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் பாடுவதில்லை என்று கேட்டேன். "அப்பறம் பந்திய யாரு பாக்கறது?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் பாட்டை மனப்பாடம் செய்தபடியே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

எடை பார்க்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் அதையே பாடினேன். லோரிக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அழுகையை எடுத்தேன், நெளிவை எடுத்தேன், உருக்கத்தை எடுத்தேன். கடைசியில் குழந்தைக்குப் பாடுகிற பாட்டு, மின்சாரக் கட்டணம் எவ்வளவு என்று சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை நிலையத்தில் பாடிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று. துளசி மிக்சரை மறந்து கைதட்டினாள்.

தீபாவளிக்கு மறுநாள் லகாட்டுக்குப் போனோம். அக்கா முதல்நாள் இரவும் வேலைக்குப் போயிருந்தார். வந்து ஆட்டிறைச்சி பிரட்டி, கோழிக் குழம்பு வைத்து, முறுக்கு டின்களைத் திறந்து வைத்து, எல்லாருக்கும் பரிமாறி முடித்தபோது மணி இரண்டு. ஆண்கள் நாற்காலிகளை டிவி பக்கம் திருப்பிப் போட்டார்கள். மாமனார் நடுவில் உட்கார்ந்தார்.

யுகேந்திரன் அண்ணன் முதலில் பாடினார். அக்கா எடுத்துக்கொடுத்த பாட்டு என்று இப்போது எனக்குத் தெரியுமே. ஒவ்வொரு வரியும் அவர் பேசுகிற குரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. தொண்ணூற்றாறு. மார்பை நிமிர்த்திக்கொண்டு மைக்கை என்னிடம் நீட்டினார்.

"வா நாப்பத்தேழு. கடைசியா ஒரு தடவ கூப்புட்டுக்கறேன், யாரு கண்டா."

நேராக நின்றேன். தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கினேன். இழுக்க வேண்டிய இடத்தில் ஆடாமல் இழுத்தேன். தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் நினைக்கவில்லை, செத்துப்போன தாயையும் நினைக்கவில்லை. பெட்டி ஒன்றைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. பாட்டு முடிந்தது. கைதட்டல் வந்தது.

தொண்ணூற்று மூன்று.

துளசி எழுந்தே நின்றுவிட்டாள். மாமனார், "பரவாயில்லையே" என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்லுங்கள் அண்ணே, என் பெயரைச் சொல்லுங்கள். வாய் நிறையச் சொல்லுங்கள்.

அவர் சிரித்தார். "அலாமா! தொட்டில் பாட்டப் பாடி பெட்டியையே தூங்க வச்சிட்டான்யா! இது எப்படி செல்லும்? மேல ஒரு எடம் இல்ல, கீழ ஒரு எடம் இல்ல. சுளுவா உள்ள பாட்டாத் தேடி எடுத்துக்கிட்டு வந்தா அது பாட்டா? நல்லா பண்டாய் ஆயிட்ட நீ, பெரிய கெட்டிக்காரன், நாப்பத்தேழு."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. அதே மண்டபச் சிரிப்பு. நான் அக்காவிடம் கொடுத்த வாக்கு அந்த இடத்திலேயே பறந்துபோனது.

"தேடி எடுத்தா செல்லாதா? அப்ப நீங்க இத்தன வருசமா பாடுனதெல்லாம் யாரு தேடி எடுத்தது? சொல்லுங்கண்ணே! ஒங்களுக்கும் எனக்கும் பாட்டு எடுத்துக் குடுத்தது ஒரே ஆளுதான். ஒங்க தொண்ணூத்தஞ்சும் குமுதா அக்காவுது, என் தொண்ணூத்தி மூணும் குமுதா அக்காவுது!"

சிரிப்பு நின்றது. அக்கா அடுப்படி வாசலில் பாயசக் கிண்ணங்கள் வைத்த தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினோம். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யுகேந்திரன் அண்ணனின் முகம் சிவந்தது. ஆனால் அவர் பேச்சில் தோற்கிற ஆள் இல்லை. கையை வீசினார்.

"இவளா? இவளுக்கு என்னா பாட்டு தெரியும்? சும்மா ரிமோட்ட அமுக்கிக் குடுப்பா. அவ்வளவுதான். இவ சட்டி கழுவற ஆளுய்யா. ஒரு பாட்டு முழுசாப் பாடி யாராச்சும் கேட்டிருக்கீங்களா?"

ராத்திரியெல்லாம் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து, இந்த ஆளின் தட்டில் இருந்த இறைச்சி வரைக்கும் சமைத்துப் போட்டவரைப் பார்த்துச் சொன்னார் இதை. எனக்கு எழுந்து அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. மாமனார் தரையைப் பார்த்தார். அப்பா என்கிற மனுஷன், பெற்ற மகளைச் சொல்கிறார்கள், தரையைப் பார்க்கிறார்!

அக்கா பாயசத் தட்டை மாமனார் மடியில் வைத்தார். அவர் பதறிப்போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா என்னிடம் வந்து கையை நீட்டினார். மைக்கைக் கொடுத்தேன்.

"நீங்க ஒண்ண மறந்துட்டீங்க தம்பி" என்றார், தாழ்ந்த குரலில், என்னிடம் மட்டும். "ஒங்கள நாப்பத்தேழுன்னாச்சும் கூப்புட்டாங்க. என்ன எவனும் ஒரு நம்பருக்குக்கூட நிக்க வைக்கல."

பதினெட்டு வருஷமாக வளர்த்த கோபம் முழுக்க என் ஒருவனுக்காகவே இருந்தது.

அவரே ரிமோட்டை எடுத்து, தேடாமல், ஒரே அழுத்தில் பாட்டைப் போட்டார். எங்களுக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொன்னது எல்லாம் அதில் இருந்தது. ஆரம்பமே நீளமான ஆலாபனை. அடிக்குரலில் தொடங்கி, எங்கேயோ மேலே போய், அங்கே நின்று சுழன்று சுழன்று இறங்குகிற பாட்டு. அக்கா டிவியைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துப் பாடினார். குரல் முதலில் கரகரத்தது. தூக்கம் இல்லாத குரல். இரண்டாவது வரியில் அது திறந்துகொண்டது. அடுப்படியிலிருந்த பெண்கள் ஈரக்கையோடு வந்து சுவர் ஓரமாக நின்றார்கள். அக்காவின் மகள், வைகாசி மாசத்தில் கல்யாணமானவள், வாயைப் பொத்திக்கொண்டாள். தன் அம்மா பாடி அவள் கேட்டதே இல்லை.

அக்கா வேண்டுமென்றே நெளிவு போட்டார். இழுக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார். நிறுத்த வேண்டிய இடத்தில் இழுத்தார். பெட்டிக்கு எது பிடிக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் கிடையாது. அதில் ஒன்றைக்கூட அவர் கொடுக்கவில்லை.

பாட்டு முடிந்தது. பெட்டி கைதட்டியது. அறுபத்தொன்று.

"அறுபத்தொண்ணு!" யுகேந்திரன் அண்ணன் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? அறுபத்தொண்ணு! இங்க வா, அறுபத்தொண்ணு!"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். மாமனார் மடியில் தட்டை வைத்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை.

அக்கா டிவியில் இருந்த நம்பரை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்து வீட்டுக் கதவு நம்பரைப் பார்க்கிற மாதிரி. பிறகு தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"என்னயா கூப்புட்டீங்க? பசிச்சா சட்டியில இருக்கு. போட்டுச் சாப்புடுங்க."

அண்ணன் எழுந்து மைக்கை வாங்கக் கையை நீட்டினார். "போதும் குடு, ஆளுங்க பாட வேணாமா?"

அக்கா தரவில்லை. ரிமோட்டை என்னிடம் கொடுத்தார்.

"பத்துமலை தம்பி, எனக்கு அடுத்தது போடுங்க. மேல போற பாட்டா பாத்து."

தேட ஆரம்பித்தேன். அண்ணன் கையை நீட்டியபடியே நின்றார். நான் பாட்டைப் போட்டேன்.